தலைவரின் பேச்சுகள் இருந்த பிளேயர்

என் அக்கா வீட்டுக்காரர் எனக்கு மட்டும்தான் அத்தான். ஊருக்கு அவர் தலைவர். அவர் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் உரிமையாளர் சங்கத்துக்கு வருஷா வருஷம் அவரே தலைவராகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். எதிர்த்து யாரும் நிற்பதில்லை. அதை மக்கள் தன்மேல் வைத்திருக்கும் நம்பிக்கை என்று அவர் எடுத்துக்கொள்கிறார். மக்களைக் கேட்டால், தண்ணீர் லாரிக்காரனோடு தினம் சண்டை போட வேறு ஆள் கிடைக்கவில்லை என்பார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டிய நேரத்தில் அவரிடமிருந்து போன்.

"மச்சான், உடனே கிளம்பி வா. இந்தக் கம்ப்யூட்டர் என் பிளேயரை ரெகக்னைஸ் பண்ண மாட்டேங்குது."

வாசல் காவலாளி சல்யூட் அடிக்கவில்லை என்று புகார் கொடுக்கும் குரலில் சொன்னார்.

"நான் கணக்குப் பிரிவுல இருக்கேன் அத்தான்."

"எந்தக் கம்பெனியில?"

"பிரிண்டர் விக்கிற கம்பெனி."

"பிரிண்டர் எதோட சேருது? கம்ப்யூட்டரோட. வா."

இந்தத் தர்க்கத்துக்குப் பதில் சொல்ல முயன்று எங்கள் குடும்பத்தில் பலர் தோற்றிருக்கிறார்கள். நான் சட்டையை மாட்டிக்கொண்டேன்.

அந்த எம்பித்ரீ பிளேயர், அத்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது அலுவலகத்தில் கொடுத்தது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. பாட்டுக் கேட்கலாம், குரலைப் பதிவும் செய்யலாம். பாட்டில் அத்தானுக்கு நாட்டமில்லை. பாடுகிறவர் நடுவில் யாரையும் பேச விடுவதில்லை என்பது அவர் குறை. பதிவு செய்யும் வசதிதான் அவரைக் கவர்ந்தது. மாதாந்திரக் கூட்டங்களில் அது அவர் சட்டைப் பையில் சிவப்பு விளக்கு மினுங்க உட்கார்ந்திருக்கும். 'ஒற்றுமை', 'தூசி: மனிதனின் முதல் எதிரி', 'தண்ணீர்த் தொட்டியும் தனிமனித ஒழுக்கமும்' என்று பேச்சுகள் சேர்ந்துகொண்டே போயின. எல்லாவற்றிலும் நீளமானது 'நேரத்தின் அருமை'. அதைக் கேட்டுவிட்டுப் போனவர்கள் வீட்டில் சாப்பாடு ஆறிப்போயிருந்தது.

ஒரு கட்டத்தில் தொகுப்பு நிறைவு பெற்றதாக அறிவித்து, பிளேயரை அக்காவிடம் கொடுத்தார். "காலையில சும்மாதானே நடக்கிற, இதைக் கேட்டுக்கிட்டே நட."

அக்கா மறுப்புச் சொல்லவில்லை. தினமும் காலையில் காதில் ஒயரைச் செருகிக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி நடப்பாள். அத்தான் டீயும் கையுமாகப் பால்கனியில் நின்று பார்ப்பார். அவள் புருவத்தைச் சுருக்குவாள். சில இடங்களில் வாயில் கை வைத்து அப்படியே நின்றுவிடுவாள். இந்தக் காட்சி அத்தானை நெகிழ வைத்தது. அதற்கு அடுத்த கூட்டத்திலேயே சொன்னார்: "வேறு சான்று எதற்கு? என் மனைவியையே பாருங்கள். என் பேச்சைக் கேட்டால் அவளுக்கு நடப்பதே மறந்துபோகிறது."

நான் போய்ச் சேர்ந்தபோது கூடத்துச் சோபா நிறையச் சின்னச் சின்ன அட்டைப் பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் விரலை உயர்த்தியபடி அத்தானின் படம். கீழே 'தலைவரின் சிந்தனைகள்'.

"இது என்ன அத்தான்?"

"நாளைக்கு வருஷாந்திரக் கூட்டம். வீட்டுக்கு ஒரு பென்டிரைவ். என் பேச்சு மொத்தமும் அதுல. சங்கத்துச் செலவு இல்ல, என் செலவு."

"எல்லா வீட்டுக்குமா?"

"பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கும் கதவுக்கடியில தள்ளிடச் சொல்லியிருக்கேன்."

அந்த வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே எல்லாப் பொருளும் உறை போட்டுக்கொண்டிருக்கும். டிவி ரிமோட், தொலைபேசி, மிக்சி, சுவர்க் கடிகாரம்கூட. தூசியைப் பற்றிப் பேசியதோடு நிற்காமல் அதன்மேல் போரும் தொடுத்தவர் அத்தான். சோபா உறை தைக்கும் கடையில் அளவு கொடுத்து, கம்ப்யூட்டர் பெட்டிக்கு அரக்கு நிறத்தில் கனமான ரெக்சின் சட்டை ஒன்று தைத்து வாங்கியிருந்தார். பட்டனுக்கு ஒரு ஓட்டை, யுஎஸ்பி செருக ஒரு ஓட்டை; இரண்டைச் சுற்றியும் தடித்த கரை. விருந்தாளி வந்தாலும் உறையைக் கழற்றக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

பிளேயரின் ஒயரை அந்த ஓட்டையில் செருகினேன். பிளேயரில் பேட்டரிப் படம் எரிந்தது. சார்ஜ் ஏறியது. ஆனால் கம்ப்யூட்டர் திரையில் ஒரு சலனமும் இல்லை.

"பாத்தியா?" என்றார் அத்தான், தன் கட்சிக்குச் சாட்சி கிடைத்தவர்போல். "கரன்ட் குடுக்குது. ஆனா யாருன்னு கேக்க மாட்டேங்குது."

விரலால் தடவிப் பார்த்தேன். விஷயம் பிடிபட்டுவிட்டது. ரெக்சின் கரை இடித்துக்கொண்டு, செருகியின் உலோகக் கழுத்து கொஞ்சம் வெளியே நின்றது. யுஎஸ்பி செருகியில் மின்சாரம் போகும் தகடுகள் நீளம். தகவல் போகும் தகடுகள் அவற்றைவிடக் குட்டை, சற்று உள்ளே தள்ளி இருக்கும். முழுக்கச் செருகாவிட்டால் சாப்பாடு இறங்கும், பேச்சு வராது. அத்தான் முன்னால் நாங்கள் எல்லாரும் இருக்கும் நிலையும் அதுதான். எங்கள் கம்பெனியில் டெமோ பிரிண்டருக்கு எவனோ பூப்போட்ட துணி போர்த்தியபோது இதே கதை நடந்து, மெக்கானிக் வந்து திட்டிவிட்டுப் போனதால் எனக்கு இது தெரியும். உறையின் ஓரத்தைத் தூக்கிச் செருகினால் முடிந்தது வேலை.

தூக்கப் போனேன்.

"தம்பி," என்று அடுக்களையிலிருந்து அக்கா குரல், "இந்த டப்பா மூடி திறக்க மாட்டேங்குது, கொஞ்சம் வா."

அக்காவுக்குத் திறக்காத மூடி இந்த உலகத்தில் இல்லை. எழுந்து போனேன். அவள் கையில் டப்பாவே இல்லை.

"கண்டுபிடிச்சுட்டியா?" என்றாள் மெதுவாக.

"கண்டுபிடிச்சுட்டேன். சின்ன விஷயம்க்கா. கவரு..."

"மறந்துடு."

"என்னது?"

"கண்டுபிடிச்சதை மறந்துடு. அதுல அவர் பேச்சு ஒண்ணுகூட இல்லடா."

அடுப்பில் டீ கொதித்தது. அதைக் குறைத்துவிட்டு, நெஞ்சில் எந்தப் பாரமும் இல்லாதவள்போல் சொன்னாள். மாடி வீட்டு டீச்சரிடம் கொலைக் கதைகள் நிறைய இருக்கின்றன. யாரோ நல்ல குரலில் வாசித்துப் பதிவு செய்தவை. ஒரு நாள் ஆசைக்கு ஒன்றை ஏற்றித் தரச் சொன்னாள். பிளேயரில் இடமில்லை. 'ஒற்றுமை'யை அழித்தாள். அந்தக் கதை முடிந்ததும் இன்னொன்று வேண்டியிருந்தது. 'தூசி' போனது.

"'நேரத்தின் அருமை' ஒண்ணை எடுத்ததுல மூணு கொலைக்கு இடம் கிடைச்சுது," என்றாள்.

"அப்ப காலையில நீ நடக்காம நின்னது?"

"பிணம் கிடைக்கிற இடம்டா அது. எப்படி நடக்கிறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

"சிரிக்காத. நாள் முழுக்க இந்த வீட்டுல அவர் பேசறார், நான் கேக்கறேன். அதைத் தப்புன்னு சொல்லல. எனக்குன்னு இருக்கிறது அந்தக் காலை நேரம் ஒண்ணுதான். தெரிஞ்சுதுன்னா அதுக்கும் ஒரு பேச்சு தயார் பண்ணிடுவார். தினம் கூடவே நடந்து வந்து நேர்ல சொல்லுவார்." டீயை வடிகட்டினாள். "அதைவிட, இப்ப கேட்டுக்கிட்டிருக்கிற கதைக்குக் கடைசி அத்தியாயத்தை நேத்துதான் டீச்சர் ஏத்திக் குடுத்தாங்க. திங்கக்கிழமைக்குன்னு வெச்சிருக்கேன். அதுக்குள்ள எதுவும் ஆகக் கூடாது."

"இன்னைக்கே கேட்டுட வேண்டியதுதானே?"

"கொலைகாரன் யாருன்னு ரெண்டு நாள் நானே யோசிச்சுக்கிட்டிருக்கணும். அதுதான்டா ருசி. உனக்குப் புரியாது, நீ கணக்கு."

கூடத்துக்குத் திரும்பினேன். கண்டுபிடித்ததை மறைப்பது, கண்டுபிடிப்பதைவிடச் சிரமமான வேலை. ஒயரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு முனையை ஊதினேன். தலையை ஆட்டினேன்.

"ஒயர் போயிடுச்சு அத்தான். திங்கக்கிழமை கடையில குடுத்துப் பாக்கலாம்."

"கூட்டம் நாளைக்கு."

"அடுத்த வருஷக் கூட்டத்துக்குக் குடுத்தா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில், கணக்குப் பிரிவின்மேல் அவர் வைத்திருந்த கொஞ்சநஞ்ச மதிப்பும் வடிந்தது. போனை எடுத்தார். "செயலாளர், கொஞ்சம் வரணும். அவசரக் கூட்டம்."

சங்கத்தின் செயலாளர் கீழ்த்தளத்தில் இருப்பவர். ஒல்லியான மனிதர். சொந்தமாக லேப்டாப் வைத்திருப்பதால் கட்டடத்தின் தொழில்நுட்ப ஆலோசகர். எந்த நோய்க்கும் அவரிடம் ஒரே மருந்து: அணைத்துவிட்டுப் போடுவது. வந்ததும் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். பிளேயரை அணைத்துப் போட்டார். பலனில்லை.

"அடிப்படையிலேருந்து போகணும் தலைவரே," என்று சொல்லி, வாசலுக்குப் போய் வீட்டின் மெயின் சுவிட்சையே அணைத்துப் போட்டார். ஃபிரிட்ஜ் ஒருமுறை குலுங்கி ஓடத் தொடங்கியது. மற்றபடி மாற்றமில்லை.

"வைரஸா இருக்குமோ?" என்றார் அத்தான்.

"அப்படியும் சொல்லலாம் தலைவரே."

"இல்ல, பழைய கம்ப்யூட்டர்ங்கிறதாலயா?"

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன் தலைவரே."

செயலாளர் கொண்டுவந்த வேறு ஒயரையும் செருகிப் பார்த்தார்கள். அதே ஓட்டை, அதே கரை, அதே மௌனம். ஒயர் போயிற்று என்ற என் கட்சி தோற்றது. ஆனால் உறை தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. அத்தான் அதன்மேல் ஆதரவாகக் கை வைத்துக்கொண்டு, இந்தக் காலத்துப் பொருள்களின் தரத்தைப் பற்றிச் சுருக்கமாகப் பேசினார். செயலாளர் எல்லா முற்றுப்புள்ளிக்கும் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். எல்லாம் நல்லபடியாகத் தோற்றுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் செயலாளருக்குக் கடமை உணர்வு வந்தது.

"என் லேப்டாப்பைக் கொண்டாரட்டுமா தலைவரே? அதுல பாத்துடலாம்."

லேப்டாப்புக்கு உறை கிடையாது.

"எதுக்கு உங்களுக்குச் சிரமம்?" என்றேன்.

"சிரமமா? தலைவர் பேச்சு எங்க வீட்டுக்கும் வரணும் இல்ல?" என்றார். சொல்லும்போதே அவர் கண் சோபாவிலிருந்த பெட்டிகளின்மேல் பட்டு, அந்தக் கண்ணில் கொஞ்சம் ஒளி மங்கியது. ஆனால் வாய் முந்திக்கொண்டுவிட்டது.

லேப்டாப் வந்தது. சாப்பாட்டு மேசையில் வைத்தார்கள். நான் அடுக்களைப் பக்கம் பார்த்தேன். அக்கா தட்டில் டீயை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கை நிதானமாகத்தான் இருந்தது. செயலாளர் ஒயரைச் செருகினார். 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம். இத்தனை நேரம் எங்களை ஆட்டி வைத்த பிளேயர், சமர்த்துப் பிள்ளையாகத் தன் வயிற்றிலிருந்ததை எல்லாம் திரையில் கொட்டியது.

அத்தானின் கண்ணாடி மேசையில் இருந்தது, அதற்கான உறைக்குள். அதனால் முதலில் படித்தது செயலாளர்தான். அவர் தோளுக்குப் பின்னால் நின்று நானும் படித்தேன். 'மாடிப்படியில் மூன்றாவது பிணம்', 'கையுறை போட்ட விருந்தாளி', 'சாவி உள்ளே இருந்தது', வரிசையாக அத்தியாயம் அத்தியாயமாக. 'ஒற்றுமை' எங்குமில்லை.

செயலாளர் நாற்காலியில் சற்று நகர்ந்து உட்கார்ந்தார். நகரும்போது லேப்டாப்பும் சற்றுத் திரும்பியது.

"வந்துடுச்சா?" என்றார் அத்தான்.

"வந்திருக்கு தலைவரே. ஆனா... இது வேற மாதிரி ஃபார்மட்ல இருக்கு."

"பேச்சுக்கு என்னய்யா ஃபார்மட்? போடுங்க, கேப்போம்."

"எதைத் தலைவரே?"

"மேல இருக்கிறதைப் போடுங்க. எது மேல இருந்தா என்ன, எல்லாம் நான் பேசினதுதானே?"

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தின் உறையைப் பார்த்தேன். கடைசியாக ஏற்றியதுதான் பட்டியலில் மேலே இருக்கும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் விரல் மெதுவாகப் போய் அதன்மேல் நின்றது.

"அதைப் போடாதீங்க."

டீத் தட்டோடு அக்கா. குரல் உயரவில்லை. தட்டை மேசையில் வைத்தாள்.

"மேல இருக்கிறது முடிவு. நான் இன்னும் கேக்கல. அதுக்கு நாலு கீழ இருக்கிறதைப் போடுங்க. அது கேட்டது."

இத்தனை நேரம் பொத்திப் பொத்திக் காத்த ரகசியத்தை, ஒரு முடிவு கெட்டுப்போகக் கூடாதே என்பதற்காக இப்படித் தன் கையாலேயே எடுத்துத் தட்டில் வைத்துவிட்டாள். செயலாளருக்கு வேறு வழி தெரியவில்லை. சொன்னதைச் செய்தார்.

ஒரு பெண்ணின் குரல் கூடத்தில் பரவியது. "கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. மேசை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். கணக்கர் மட்டும் கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார்..."

அத்தான் கண்ணாடியை உறையிலிருந்து எடுத்தார். போட்டுக்கொண்டார். திரையை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே படித்தார்.

"என் பேச்செல்லாம்?"

"இடம் பத்தலைங்க," என்றாள் அக்கா.

"எல்லாமுமா?"

"ஒவ்வொண்ணாத்தான் எடுத்தேன்."

"தினமும் காலையில நின்னு நின்னு கேட்டியே. வாயில கைய வெச்சு."

"இதைத்தான்."

ஒரு பொதுக்கூட்டத்தையே கட்டிப்போடும் மனிதர், ஒரு வாய் டீ குடித்தார். கோபம் வரும் என்று நான் காத்திருந்தேன். செயலாளர் மெயின் சுவிட்ச் பக்கம் பார்த்தார். ஆனால் அத்தான் முகத்தில் இருந்தது கோபமில்லை. பாதிப் பேச்சில் மைக் நின்றுபோன பிறகும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு அதை உணர்ந்தவரின் முகம். பார்க்க எனக்கே கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

அந்தப் பெண்குரல் அது பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போனது. யாரும் நிறுத்தவில்லை. சமையல்காரன் உளறினான். மருமகள் மயங்கி விழுந்தாள். துப்பறிகிறவர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அத்தியாயம் முடிந்தது.

"கணக்கன்தான்," என்றார் அத்தான், என்னைப் பார்த்தபடி.

"யாரு?"

"கொலைகாரன். அந்தக் கணக்கு எழுதுறவன். தெரிஞ்ச விஷயத்தைத் தெரியாத மாதிரி வெச்சிருக்கான் மூஞ்சியை."

"அவ்வளவு சுலபமா வெக்க மாட்டாங்க," என்றாள் அக்கா.

"நான் சொல்றேன். கணக்கன்தான். சாவியே வேண்டாம் அவனுக்கு."

"தலைவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் செயலாளர், உயிர் திரும்பி வந்தவராக. கூடவே ஒரு யோசனையும் வைத்தார். "நாளைக்குக் கூட்டத்துல தொழில்நுட்பக் கோளாறுன்னு சொல்லிடலாம் தலைவரே. கம்ப்யூட்டர் எடுக்கலைன்னு. உண்மையும் அதானே."

அத்தான் அதைப் பரிசீலித்து ஏற்றுக்கொண்டார். ஒரு கோளாறு கிடைத்ததில் முதுகு மறுபடி நிமிர்ந்தது. பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "நாளைக்குப் பேசறதையாவது இதுல பதிவு பண்ணிக்கணும். கொஞ்சம் இடம் பண்ணிக் குடு."

அக்கா லேப்டாப்பிலிருந்து ஒயரை உருவினாள். பிளேயரை முந்தானையில் துடைத்தாள்.

"தர மாட்டேங்க," என்றாள். "செயலாளர் சார் போன்ல பதிவு பண்ணட்டும். அதுல இடம் இருக்கும்."

செயலாளர் மேசையிலிருந்த தன் போனை மெல்ல எடுத்துச் சட்டைப் பைக்குள் தள்ளினார். அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து, பிஸ்கட் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் வருஷாந்திரக் கூட்டத்துக்கு நானும் போனேன். கோளாறைப் பற்றி அத்தான் விரிவாகப் பேசினார். இயந்திரத்தை நம்பி மனிதன் கெட்ட வரலாறு முழுதும் வந்தது. பென்டிரைவ்கள் வாங்கியாகிவிட்டதால், பெட்டியும் அச்சடித்தாகிவிட்டதால், அவற்றை அப்படியே கொடுத்துவிட முடிவாகியிருந்தது. வீட்டுக்கு ஒன்று, உள்ளே எதுவும் இல்லாமல். அதைச் செயலாளர் அறிவித்தபோது எழுந்த கைதட்டல்போல் அந்தக் கட்டடத்தில் அதற்கு முன்பு எழுந்ததில்லை. இத்தனை உபயோகமான பொருளைச் சங்கம் கொடுப்பது இதுவே முதல் தடவை என்று என் பக்கத்தில் ஒருவர் சொன்னார். அத்தான் இரண்டு கையையும் உயர்த்திக் கைதட்டலை அடக்கினார். கண் கலங்கியிருந்தது. அவர் மறுபடியும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

திங்கட்கிழமை காலை, நான் ஆபீசுக்குக் கிளம்பும் நேரம், அக்கா போன் செய்தாள். மூச்சு வாங்கியது. நடையின் நடுவில் இருந்தாள்.

"கேட்டுட்டேன்டா."

"யாரு?"

"கணக்கன்தான். அவர் சொன்ன மாதிரியே. சாவியே தேவைப்படல."

"அத்தானுக்குச் சொல்லிட்டியா? குதிப்பாரே."

"இப்பதான் பால்கனியிலேருந்து கத்திக் கேட்டார். கட்டடமே எட்டிப் பாத்துச்சு," என்றாள். "சமையல்காரன்னு சொல்லிட்டேன். நீ எங்கயாவது உளறி வெக்காத."